போயாச்சு

அப்போதெல்லாம் எங்கள் நாட்டில்
வியாழக்கிழமை தொலைக்காட்சிக்கு விடுமுறை.
அரசாங்கமே அணைத்துவிடும்.
மீன் ஆலையில் சங்கு ஊதியதும்
பொலுங்கார்விக் ஊரே
பெட்ரோல் பங்கில் வந்து நிற்கும்,
கையுறையைக் கழற்றாமல் கேசட் புரட்டிக்கொண்டு.

அம்மா எதை எடுத்தாலும்
அது ஸ்போயி வீடியோ.
வேறு கம்பெனி வேண்டுமென்றால்
மலைப்பாதையில் பனி அள்ளியாக வேண்டும்.

ஸ்போயி ஒரு பறவை. வளைந்த நீள மூக்கு.
மே மாதம் அது கூவினால்
கஞ்சி கொதிக்கிறது என்போம்,
குளிர் விட்டது என்று பொருள்.
கேசட்டில் இருந்தது
கஞ்சி கொதிக்காத ஸ்போயி.

முதலில் கறுப்பு.
பிறகு பச்சைக் கோடுகளால் ஒரு கடல்,
கணக்கு நோட்டை விரித்ததுபோல் கட்டம் கட்டமாய்.
தூரத்திலிருந்து அது வரும்,
சிறகை அசைக்காமல்.
பின்னால் ஆர்கனில் ஒரே ஒரு சுரம்,
யாரோ கட்டையில் விரலை வைத்தபடி
செத்துப்போன மாதிரி.
திரை கொள்ளாமல் வந்ததும்
தலையைத் திருப்பும்.
கண் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை.
ஓட்டைக்குள் அதே கட்டங்கள், அதே கடல்.
அப்புறம் எழுத்துகள் விழும், டொம், டொம்,
அப்புறம் ஏதாவது டேனிஷ் சிரிப்புப் படம்.

அந்த ஒன்பது விநாடியும் நான் குளியலறையில்,
குழாயைத் திறந்துவிட்டு.
கூடத்திலிருந்து அண்ணன் ஈஸ்லெய்வுர் கத்துவான்:
"போயாச்சு!"
முகம் கழுவத்தான் போனவள்போல்
துண்டோடு வருவேன்.
ஏழு வயதுப் பெண்ணுக்கு
வாரம் தவறாமல் வியாழனில் மட்டும்
அப்படியென்ன சுத்தம் என்று
யாரும் கேட்டதில்லை.

ஒரு பிப்ரவரியில்
போயாச்சு என்றான். போகவில்லை.
கதவருகே நான். திரையில் அது,
திரும்பிக்கொண்டிருந்தது.
ஓட்டை என் உயரத்தில் இருந்தது.

எட்டு நாள் அவனோடு பேசவில்லை.
பிறகு பேசினேன், ஆனால் நம்பவில்லை.
கப்பலுக்குப் போகமாட்டேன் என்றபோதும்,
குடியை விட்டுவிட்டேன் என்றபோதும்.
இரண்டும் உண்மை.

போன வருடம் ரெய்க்யாவிக்கில்
ஒரு கிழவரின் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தேன்.
ஹால்வார்துர். சாலைத் துறை, ஓய்வு.
எந்த ஊர் நீ, என்றார். சொன்னேன்.
உங்கள் ஊருக்கெல்லாம்
நான் ஒரு பறவை அனுப்பியிருக்கிறேனே, என்றார்.

சாலைத் துறைக் கணினி,
இரவில் மட்டும் கடன்.
விநாடிக்கு இருபத்தைந்து படம்,
ஆக இருநூற்று இருபத்தைந்து.
"கண்ணை நாளைக்கு வைக்கலாம் என்றிருந்தேன்.
காலை ஆறு மணிக்கே
பாலத்துக்குக் கணக்குப் போடணும் என்று
மிஷினைக் கேட்டு வந்துவிட்டார்கள்."

பாலம் இருக்கிறதா, என்றேன்.
வெள்ளத்தில் போயிற்று, என்றார்.
அசையாதீர்கள், என்றேன்.

அன்றிரவு அண்ணனுக்குப் போன் போட்டுச்
சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

கண் இல்லையா அதற்கு, என்றான்.
நான் பார்த்ததே இல்லையே.
கண்ணை இறுக்கிக்கொண்டு
ஒன்பது வரை எண்ணுவேன்.
ஒரு தடவை
வேகமாக எண்ணிவிட்டேன்போல.

அம்மா, என்று கேட்டேன்.

அம்மா எங்கே அங்கே இருந்தாள்?
பிளேயரை அழுத்திவிட்டு
காபி வைக்கப் போய்விடுவாள்.

அவன் பக்கம் கெட்டிலோ காற்றோ
ஏதோ சீறிக்கொண்டிருந்தது.
அத்தனை வியாழனும் அது
அந்தக் கடல் முழுக்கக் கடந்து வந்து
எங்கள் கூடத்தில்
சோபாவின் பக்கம் தலையைத் திருப்பியிருக்கிறது.